நரிக்கும் ஒரு பங்கு

ரொம்ப நாளாச்சு பதிவு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். இப்ப எழுத வெச்சது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப். வழக்கமா அதுல காலை வணக்கம், கல்யாணப் பத்திரிகை, இஞ்சிக் கஷாயம் இதைத் தாண்டி ஒண்ணும் வராது. போன மாசம் என்னடான்னா, நரியைச் சுடலாமா கூடாதான்னு ரெண்டு நாள் ஓயாம சண்டை.

ஆரம்பிச்சு வெச்சது டெக்சாஸ்ல இருக்கிற பங்காளிப் பையன். லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போறவன். சுட்டுப் போட்ட ஒரு கயோட்டி படத்தை அனுப்பி, "மான் குட்டி தின்னுறது ஒண்ணு குறைஞ்சது"ன்னு எழுதியிருந்தான். கயோட்டின்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம நரிக்குப் பெரியப்பா மகன் முறை. அதுக்குக் கீழே ஊர்லேர்ந்து எங்க மாமா: "இங்கயும் இப்படி ஒரு சட்டம் வந்தா தேவல. பன்னி, நரி, மயில் எல்லாத்தையும் சுட்டாத்தான் விவசாயி பொழைப்பான்." நான் சும்மா இருக்க மாட்டாம, "நரியை எதுக்கு மாமா இழுக்கறீங்க"ன்னு கேட்டேன். "பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நீ பேசுவ மாப்ள, இங்க வந்து ராத்திரி காவல் இருந்து பாரு"ன்னார். நியாயமான பேச்சு. அதுக்குப் பதில் ரெண்டு வரியில சொல்ல முடியாதுங்கறதால இந்தப் பதிவு.

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்துலேர்ந்து அரூர் போற ரோட்ல மஞ்சவாடி கணவாயைத் தாண்டினா எங்க பாப்பிரெட்டிப்பட்டி. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. சேர்வராயன்லேர்ந்து இறங்கி வர்ற வாணியாறு தான் எங்களுக்கு உசிரு. குச்சிக்கிழங்கு, மஞ்சள், கரும்பு, நிலக்கடலை, மக்காச்சோளம்னு அடிவாரம் வரைக்கும் கொல்லை. அதாவது காடு முடியற இடத்துல எங்க விவசாயம் ஆரம்பிக்குது. பன்னிக்கு வேலி, எல்லை எல்லாம் தெரியுமா? குச்சிக்கிழங்குக் கொல்லையில ஒரு கூட்டம் ராத்திரி புகுந்துச்சுன்னா, காலையில பார்க்க டிராக்டர் ஓட்டின மாதிரி இருக்கும். மாமாவோட கோவத்துல எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. என் கேள்வியெல்லாம் அந்தக் கணக்குல நரி எப்படி வந்து சேர்ந்துச்சுங்கறது தான்.

மான் யாருக்குச் சொந்தம்?

டெக்சாஸ் தம்பியோட வாதத்தை முதல்ல எடுத்துக்குவோம். "நான் மான் வேட்டைக்காரன். நரி மான் குட்டியைத் தின்னுது. அதனால எனக்கு மான் குறையுது. அதனால நரியைச் சுடறேன்." கேக்க சரியாத்தான் இருக்கு. கயோட்டி மான் குட்டியைத் தின்னுறதும் உண்மை தான்.

ஆனா இதை அங்கேயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தென் கரோலினாவுல சவானா ஆத்துப் பக்கம் ஒரு பெரிய காட்டுல 2010லேர்ந்து 2012 வரைக்கும் மூணு வருஷம் கயோட்டிகளைப் பிடிச்சு அப்புறப்படுத்திட்டு, மான் குட்டிங்க எத்தனை பிழைக்குதுன்னு எண்ணினாங்க. அதுக்கு முன்னாடி நூத்துக்குச் சுமார் 23 குட்டி பிழைச்சுது. முதல் வருஷம் அது 51 ஆச்சு. ஆஹான்னு சந்தோஷப்பட்டாங்க. ரெண்டாவது வருஷம் 20க்கு இறங்கிடுச்சு. மூணாவது வருஷம் மறுபடி 43. இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு உசிரை எடுத்து, கிடைக்கிற பலன் ஒரு வருஷம் இருக்கு, ஒரு வருஷம் இல்லை. ஆராய்ச்சி பண்ணவங்க கடைசியில என்ன சொன்னாங்க தெரியுமா? கயோட்டியைத் துரத்தறதை விட, வேட்டைக்காரங்க பெட்டை மானைச் சுடறதைக் குறைச்சுக்கிறதை யோசிக்கலாம்னாங்க. :-)

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுல ஓநாயைக் கிட்டத்தட்ட துடைச்சு எடுத்தாங்க. அந்தக் காலி இடத்துல கயோட்டி வந்து உக்காந்துச்சு. மேற்குச் சமவெளியில இருந்தது கிழக்குக் கடற்கரை வரைக்கும் பரவிடுச்சு. அரசாங்கமே வருஷத்துக்குப் பல்லாயிரக்கணக்குல கொல்லுது. அது பாட்டுக்குப் பெருகிக்கிட்டு இருக்கு. ஒரு இடத்துல இருக்கிறதைச் சுட்டா பக்கத்துக் காட்டுலேர்ந்து இன்னொண்ணு அந்த இடத்துக்கு வந்துடுது.

நம்ம ஊர்லயும் இது நடந்தது தான்

"அது அமெரிக்கா கதை, நமக்கெதுக்கு"ன்னு கேப்பீங்க. நம்ம மலையிலயே நூறு வருஷம் இதே கதை ஓடியிருக்கு. நரிக்குப் பதிலா செந்நாய், அவ்வளவு தான் வித்தியாசம்.

1877ல நீலகிரியில வெள்ளைக்கார வேட்டைக்காரங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1879ல நீலகிரிக்குன்னே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. பாதுகாப்புன்னதும் புல்லரிச்சுடாதீங்க. கடமான், வரையாடு எல்லாம் வருஷா வருஷம் சுடறதுக்கு மிச்சம் இருக்கணும்ங்கறதுக்கான பாதுகாப்பு அது. அந்தக் கணக்குல செந்நாய் திருடன். "நம்ம மானை" அது தின்னுது இல்லையா, அதனால செந்நாயைக் கொன்னா சன்மானம். மானைக் கொன்னா விளையாட்டு வீரன், அதே மானை செந்நாய் கொன்னா கொடூர மிருகம். செந்நாய் உசிரோட இருக்கிறப்பவே இரையைப் பிச்சுத் தின்னும், பார்க்கச் சகிக்காது, வாஸ்தவம். ஆனா அதுக்குத் துப்பாக்கி இல்லையே. அதுக்குத் தெரிஞ்ச வழி அது தான்.

இந்த வெறுப்பையெல்லாம் ஓரமா வெச்சுட்டு, செந்நாய் உண்மையில என்ன தான் பண்ணுதுன்னு காட்டுல உக்காந்து பார்த்தவர் ஒரு தமிழர். ஏ.ஜே.டி. ஜான்சிங், நாங்குநேரிக்காரர். சிவகாசியில காலேஜ் வாத்தியாரா இருந்தவர். 1976லேர்ந்து 78 வரைக்கும் பந்திப்பூர் காட்டுல செந்நாய்க் கூட்டத்துக்குப் பின்னாடியே திரிஞ்சார். அது முக்கியமா புள்ளிமானைத் தின்னு தான் வாழுதுன்னு எழுதினார். வேட்டைக்காரங்க சொன்னது பொய்யில்லை, மானைத் தான் தின்னுது. ஆனா அந்தப் பந்திப்பூர்ல புள்ளிமான் தீர்ந்து போச்சா? இன்னிக்கும் அந்த ரோட்ல போனா முதல்ல கண்ணுல படறது புள்ளிமான் கூட்டம் தான். செந்நாய், சிறுத்தை, புலின்னு மூணும் தின்னு, அதுக்கு மேல மிச்சம். ஜான்சிங் 2024 ஜூன்ல காலமானார். நம்ம பக்கத்துப் பத்திரிகைங்க இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

செந்நாயோட கதி? இன்னிக்கு உலகம் பூரா சேர்த்துக் குட்டி போடற நிலையில இருக்கிறது 2,500க்கும் கீழன்னு கணக்கு. புலிக்கு இருக்கிற விளம்பரம் அதுக்கு இல்லை.

இன்னொரு இடம் கோடியக்கரை. 1967லேர்ந்து சரணாலயம். வெளிமானுக்குப் பேர் போனது. அங்க நரியும் உண்டு, வெளிமான் குட்டியைத் தூக்கறதும் உண்டு. ஆனா வெளிமானோட பெரிய தலைவலி நரி இல்லை. புல்வெளியை மூடிக்கிட்டு வர்ற சீமைக்கருவேலம் ஒண்ணு, அதே புல்லுக்குப் போட்டி போடற காட்டுக்குதிரைங்க ஒண்ணு. குட்டியைத் தூக்கிட்டுப் போற நரி கண்ணுக்குத் தெரியும். முள்ளுச்செடி மெதுவா நிலத்தை முழுங்கறது கண்ணுக்குத் தெரியாது. மனுசனுக்குக் கண்ணுக்குத் தெரியறது மேல தானே கோவம் வரும்!

எங்க ஊர் நரி என்ன தின்னுது?

எலி, முயல், நண்டு, ஓணான், வெட்டுக்கிளி, செத்த மாடு, இலந்தைப் பழம், நாவப் பழம். கரும்பையும் கடிக்கும், கடலையையும் நோண்டும். மறைக்கல. கோழியைத் தூக்கும். ஆட்டுக்குட்டி தனியா கிடைச்சா விடாது. பன்னிக்குட்டி கிடைச்சாலும் விடாது.

மாமாவுக்குப் போன வருஷம் ஒரு குட்டி போச்சு. நரி தான்னு அவர் சொல்றார். பக்கத்துக் கொல்லைக்காரர் தெரு நாய்ங்கறார். ராத்திரியில யார் பார்த்தா? ஒரு குட்டின்னா அது புள்ளைங்களுக்குப் புத்தகம், நோட்டு, யூனிபார்ம். அந்த நஷ்டத்தை "இயற்கைச் சமநிலை"ன்னு பாடம் எடுத்து ஈடு கட்ட முடியாது. அதை நான் ஒத்துக்கிறேன்.

அதே சமயம் நரிக்கு வக்காலத்து வாங்கறவங்களும் கொஞ்சம் அளந்து விடறாங்க. "நரி குறைஞ்சதால தான் மயில் பெருகிடுச்சு, பன்னி பெருகிடுச்சு, நரியை விட்டா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றாங்க. மயில் முட்டையை நரி தின்னும், சரி. ஆனா ஒரு பன்னி ஒரு ஈத்துக்கு நாலஞ்சு குட்டி, சில சமயம் அதுக்கு மேலயும் போடுது. வருஷம் பூரா கொல்லையில கிழங்கும் சோளமும் இருக்கு. ஒளிஞ்சுக்கிறதுக்கு ஏரியில சீமைக்கருவேலம். இதை நரி போய்க் கட்டுப்படுத்தும்னு நம்பறது, பூனையை விட்டு எருமையை மேய்க்கச் சொல்ற மாதிரி. நரியை விடச் சொல்றதுக்குக் காரணம் அது நமக்குப் பன்னியை ஒழிச்சுக் கொடுக்கும்ங்கறது இல்லை. எலியைத் தின்னுது, செத்ததைத் தின்னு ஊரைச் சுத்தமா வெச்சிருக்கு. அதுக்கு மேல அதுகிட்ட வேலை வாங்க வேண்டாம். அதைக் கொல்றதால நமக்கு ஒரு மூட்டை கடலை கூடக் கூடப்போறதில்லை, அது தான் விஷயம்.

சுடறதுன்னா எதால?

இங்க தான் டெக்சாஸும் பாப்பிரெட்டிப்பட்டியும் வேற வேறயாகுது. அங்க ஒருத்தன் மரத்து மேல துப்பாக்கியோட உக்காந்திருக்கான். எதிர்ல வர்றது மானா, நரியா, பக்கத்து வீட்டு நாயான்னு பார்த்து, யோசிச்சு, அப்புறம் தான் விசையைத் தட்டறான். சுடலாமா வேண்டாமாங்கற கேள்வியே அவனுக்குத் தான் பொருந்தும்.

நம்ம பக்கம் துப்பாக்கி யார்கிட்ட இருக்கு? சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், மின்சாரம். இந்த மூணும் தான். மூணுக்கும் கண்ணு கிடையாது. பன்னிக்கு வெச்ச அவுட்டுக்காயை மாடு கடிச்சா மாட்டுக்கு வாய் போகும். 2021 ஜனவரியில திருச்சி பக்கம் ஜீயபுரத்துல இறைச்சிக்குள்ள வெடி வெச்சு ஒரு நரியைக் கொன்ன வழக்குல 12 பேரைப் பிடிச்சாங்க. நரிப்பல்லு, நரிக்கொம்புன்னு வாங்கறதுக்கு ஆள் இருக்கிற வரைக்கும் அதுவும் ஓயாது. (நரிக்கு ஏதுங்க கொம்பு? காசு கொடுத்து ஏமாறாதீங்க.)

எங்க தர்மபுரி மாவட்டத்துலயே, 2023 மார்ச் மாசம் மாரண்டஅள்ளி பக்கம் என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கும். கொல்லையைச் சுத்தி இழுத்த மின்வேலியில மூணு பெண் யானைங்க ஒரே ராத்திரியில செத்துச்சு. ரெண்டு குட்டிங்க மட்டும் தப்பிச்சு, செத்துக் கிடந்த யானைங்க பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. வேலி போட்டவருக்கு யானையைக் கொல்லணும்னு ஆசையா இருந்திருக்கும்? இருந்திருக்காது. ஆனா கம்பி வந்தது யாருன்னு பார்க்காது. இன்னிக்கு யானை, நாளைக்குத் தண்ணி பாய்ச்சப் போற பக்கத்துக் கொல்லைக்காரன். இந்த மாதிரி வேலியில மனுசங்க செத்த செய்தியும் வருஷத்துக்கு எத்தனை படிக்கிறோம்.

அதனால "நரியையும் சேர்த்துப் போடலாம்"னு எங்க ஊர்ல ஒருத்தர் சொன்னா, அதுக்கு அர்த்தம் இன்னும் நாலு கம்பி, இன்னும் பத்து அவுட்டுக்காய். நரி மேல பாசம் இல்லாதவங்க கூட இதை மட்டுமாவது யோசிக்கணும்.

சரி, பன்னிக்கு என்ன வழி?

இதைச் சொல்லாம தப்பிச்சுப் போனா மாமா விட மாட்டார். 1972 வன உயிரினச் சட்டத்துக்கு அப்புறம் நாம யாரும் எதையும் வேட்டையாட முடியாது. மானும் கிடையாது, நரியும் கிடையாது. ஆனா பயிருக்குச் சேதம் பண்ற விலங்கை, வனத்துறை அனுமதியோட கொல்றதுக்கு அதே சட்டத்துல வழி இருக்கு. அந்த வழியில தான் 2025 ஜனவரியில, அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டசபையில காட்டுப்பன்னி விஷயத்தை அறிவிச்சார். காப்புக்காட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுடக்கூடாது. ஒண்ணுலேர்ந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு அப்பால வனத்துறை ஆளுங்க சுடலாம். விவசாயி சுட முடியாது, அவங்க தான் சுடணும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்க் கொல்லைங்கள்ல பாதி அந்த முதல் கிலோமீட்டருக்குள்ள வருதே, அதுக்கு என்ன பண்றது? அதிகமா அடி வாங்கறவன் அடிவாரத்துக்காரன், அவனுக்கு ஒண்ணும் இல்லை. மாமாவோட கோவம் போக வேண்டிய இடம் இது. அடிவாரக் கொல்லைக்கு நல்ல வேலி போட மானியம், சேதத்துக்குச் சீக்கிரமா பணம், பிடிக்கிறதுக்குக் கூண்டும் ஆளும். இதையெல்லாம் ஊர்க் கூடிக் கேக்கலாம், கிராம சபையில தீர்மானம் போடலாம். நரியைத் திட்டறது சுலபம், அது மனு வாங்காது, பதிலும் சொல்லாது.

ஆட்டுக்குட்டி விஷயத்துக்கும் வழி இல்லாம இல்லை. குட்டியை ராத்திரி மேல மூடின பட்டியில அடைக்கணும். கோழியைக் கூடையில கவுக்கணும். நம்ம பாட்டிங்க செஞ்சது தான், புதுசு இல்லை. செத்த கோழியையும் கறிக்கடைக் கழிவையும் ஊர் ஓரத்துல கொட்டறதை நிறுத்தணும். அதைத் தின்ன நரி மட்டுமா வருது? அதுல வளர்றது தெரு நாய்க் கூட்டம். கோடையில தண்ணிக்கு இறங்கற மானை அதிகம் கடிச்சுக் குதறுறது எதுன்னு பார்த்தா அந்த நாய்ங்க தான். சென்னை ஐஐடி வளாகத்துல நாயா மானான்னு கேள்வி வந்து நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மான் மேல நிஜமாவே அக்கறை இருக்கிறவங்க நாய்க்குக் கருத்தடை பண்றதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்.

முழிக்கிற முகம்

சித்தேரி மலைக்கு அந்தாண்ட, வாழப்பாடி பக்கத்து ஊர்ங்கள்ல பொங்கலுக்கு வங்காநரி ஜல்லிக்கட்டுன்னு ஒண்ணு உண்டு. குட்டையா இருக்கிற வங்காநரியை வலை போட்டுப் பிடிச்சு, ஊருக்குள்ள கொண்டு வந்து ஓட விடுவாங்க. வருஷத்துல ஒரு தடவை அது முகத்துல முழிச்சா மழை வரும், விளையும்னு நம்பிக்கை. வனத்துறை தடை போட்டு, மீறினவங்களுக்கு அபராதமும் போட்டிருக்கு. பிடிச்சுத் துன்பப்படுத்தறது தப்பு தான், அதுல ரெண்டாவது பேச்சு இல்லை. ஆனா அந்த நம்பிக்கைக்குள்ள ஒரு விஷயம் இருக்கு பாருங்க. நரி இருந்தா வெள்ளாமை இருக்கும்னு நினைச்ச ஜனங்க நாம. அதிர்ஷ்டசாலியைப் பார்த்து "நரி முகத்துல முழிச்சியா"ன்னு கேக்கறோம். அதே வாயால அதைச் சுடச் சட்டம் கேக்கறோம்.

எங்க பக்கத்துல சொல்ற பழமொழி ஒண்ணு இருக்கு: நரி வலம் போனா என்ன, இடம் போனா என்ன, மேலே விழுந்து பிடுங்காம இருந்தா சரி. சகுனம் பார்க்கறவங்களைக் கிண்டல் பண்ணச் சொன்னது. எனக்கு என்னவோ நரியோட எப்படி இருக்கணும்னு சொன்ன மாதிரியும் படுது. அதைக் கும்பிடவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம். அது பாட்டுக்குப் போகட்டும். நம்ம பட்டியை நாம ஒழுங்கா மூடி வெப்போம். பன்னிக்குக் கணக்குக் கேக்க வேண்டியவங்ககிட்ட கணக்குக் கேப்போம்.

மாமாவுக்கு லிங்க் அனுப்பப் போறேன். திட்டு நிச்சயம். உங்க ஊர்ப்பக்கம் நரி ஊளை இன்னும் கேக்குதா? கேட்டா எங்க, எப்பன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நரியால நிஜமாவே நஷ்டப்பட்டவங்களும் கூச்சப்படாம எழுதுங்க, சண்டைக்கு வர மாட்டேன்.

டிஸ்கி: நரி, குள்ளநரி, வங்காநரின்னு பேர்ல ஊருக்கு ஊர் குழப்பம் உண்டு. இந்தப் பதிவுல நரின்னு சொன்னது கூட்டமா ஊளையிடற பெரிய நரியை. வாழப்பாடி சமாச்சாரத்துல வர்றது வால் நுனி கறுப்பா, சின்னதா இருக்கிற வங்காநரி. ரெண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. "எந்த நரின்னே தெரியாம எழுதிட்டான்"னு யாரும் கும்மக் கூடாது பாருங்க, அதான் முன்கூட்டியே சொல்லிட்டேன். :-)